நாட்பட்ட நோய்களின் சுமையை மருத்துவப் பதிவுகளிலிருந்து கணக்கிடுவது எப்படி? புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒருவர் மருத்துவரைப் பார்க்கப் போகிறார். ரத்தம் எடுக்கிறார்கள், மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள், பில் போடுகிறார்கள். அவர் வீட்டுக்குப் போன பிறகும் கணினியில் சில வரிகள் தங்கிவிடுகின்றன. நோய்க்குறியீடு, பரிசோதனை முடிவு, மருந்தின் பெயர், தேதி, தொகை. இப்படிச் சேர்ந்த வரிகளைத்தான் நடைமுறைத் தரவு என்கிறோம். துறையில் இருப்பவர்கள் பேச்சில் 'ரியல் வேர்ல்டு டேட்டா' என்றே சொல்வார்கள்.

இந்த வரிகளில் ஒன்றைக்கூட யாரும் உங்கள் ஆய்வுக்காக எழுதவில்லை. சிகிச்சை தொடர்ந்து நடக்க எழுதினார்கள், பணம் வர எழுதினார்கள், சட்டம் கேட்டதால் எழுதினார்கள். ஆகவே எந்த வரியைப் பார்த்தாலும் 'இது ஏன் எழுதப்பட்டது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இந்தக் கேள்விதான். கீழே வரும் எல்லாப் படிகளிலும் இது திரும்பத் திரும்ப வரும்.

வேலை பெரியது, தேவையும் பெரியது. 2021-இல் தொற்றா நோய்களால் உலகில் குறைந்தது 4.3 கோடிப் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெருந்தொற்றோடு தொடர்புள்ள இறப்புகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நான்கில் மூன்று பங்கு இவைதான். இறந்தவர்களையாவது எண்ணிவிடலாம். மரத்துப்போன பாதத்தோடும், மங்கிய பார்வையோடும், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் படுக்கையிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்களை எண்ணுவதுதான் கடினம். அவர்களைக் கணக்கில் கொண்டுவர இந்தப் பதிவுகளை விட்டால் பல இடங்களில் வேறு வழியில்லை.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

'சர்க்கரை நோயின் சுமை எவ்வளவு?' என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேர முடியாது. சுமை என்ற சொல்லுக்குள் பல கணக்குகள் இருக்கின்றன. இன்றைய தேதியில் எத்தனை பேருக்கு நோய் இருக்கிறது என்பது பரவல். ஓராண்டில் புதிதாக எத்தனை பேருக்கு வந்தது என்பது புதுநிகழ்வு. இவை போக எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை ஆண்டுகள் குறையோடு வாழ்ந்தார்கள், எவ்வளவு செலவானது என்ற கணக்குகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் வேண்டிய தரவு வேறு.

புதியவர்கள் பரவலையும் புதுநிகழ்வையும் குழப்பிக்கொள்வதை நிறையப் பார்த்திருக்கிறேன். சிகிச்சை நன்றாக இருந்து நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தால் பரவல் ஏறும். அது நல்ல செய்தி. புதுநிகழ்வு ஏறினால்தான் நோய் பெருகுகிறது என்று பேச முடியும். இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். யார், எந்த நோய், எந்தக் காலம், எந்த அளவு என்ற நான்கும் அதில் வந்துவிட வேண்டும். '2019 முதல் 2023 வரை இந்தக் காப்பீட்டில் தொடர்ந்து இருந்த 40 வயதுக்கு மேற்பட்டவர்களில், ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்பட்ட நாட்பட்ட சிறுநீரக நோய் எவ்வளவு?' இது வேலை செய்யக்கூடிய கேள்வி.

தரவு எங்கிருந்து வருகிறது, எதற்காக வந்தது

மருத்துவமனையின் மின்னணுப் பதிவில் பரிசோதனை முடிவும் மருத்துவரின் குறிப்பும் இருக்கும். ஆனால் நோயாளி வேறிடம் போய்விட்டால் அவர் அந்தப் பதிவிலிருந்து காணாமல் போய்விடுவார். காப்பீட்டுக் கிளெய்ம் தரவில் அவர் எங்கே போனாலும் தெரியும். ஆனால் ரத்தச் சர்க்கரை எடுத்ததற்கான பில்தான் அதில் இருக்கும், அளவு இருக்காது. மருந்தகப் பதிவு வாங்கிய மாத்திரையைச் சொல்லும், விழுங்கிய மாத்திரையைச் சொல்லாது. நோய்ப் பதிவேடுகள் துல்லியமானவை, ஆனால் ஒரு நோயோடு நின்றுவிடும். இறப்புப் பதிவில் கடைசிக் காரணம் எழுதியிருக்கும், அதற்கு முந்தைய இருபது ஆண்டு இருக்காது.

இவற்றை ஒரே அடையாள எண்ணால் இணைக்க முடிந்தால் பெரிய பேறு. டென்மார்க்கில் ஒவ்வொருவருக்கும் 1968 முதல் அடையாள எண் உண்டு, தேசிய நோயாளிப் பதிவேடு 1977-இல் தொடங்கியது. ஒருவரின் நோயை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள் அங்கிருந்து இவ்வளவு வருவதற்கு இதுவே காரணம். உங்களிடம் அந்த வசதி இல்லையென்றால், உங்கள் தரவால் பார்க்க முடியாதது எது என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வையுங்கள். பிறகு கட்டுரை எழுதும்போது அது அப்படியே உதவும்.

அனுமதியும் அந்தரங்கமும்

நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும்வரை கோப்பைத் திறக்க வேண்டாம். பெயரை எடுத்துவிட்டால் அடையாளம் போய்விட்டது என்று நினைப்பதும் தவறு. வயது, பாலினம், அஞ்சல் குறியீடு, ஓர் அரிய நோய் நான்கும் சேர்ந்தால் ஒருவரைச் சுட்டிக் காட்டிவிடலாம். அமெரிக்காவின் ஹிப்பா விதிமுறை நீக்க வேண்டிய 18 அடையாளங்களைப் பட்டியலிடுகிறது. ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய வகையில் வைக்கிறது. உங்களுக்கு எந்தச் சட்டம் பொருந்துகிறதோ அதைப் படியுங்கள். அட்டவணையில் மிகச் சிறிய எண்கள் வந்தால் மறைத்துவிடுங்கள். அமெரிக்க அரசுக் காப்பீட்டுத் தரவைப் பயன்படுத்துபவர்கள் 1 முதல் 10 வரையான எண்ணிக்கையை வெளியிடக் கூடாது. இது நல்ல அளவுகோல்.

அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களை வீணாக்காதீர்கள். சிந்தியா என்ற இலவச மென்பொருள் நிஜ மனிதர் யாரையும் சாராத செயற்கை நோயாளிப் பதிவுகளை உருவாக்கித் தரும். எஸ்க்யூஎல், ஆர் அல்லது பைத்தான் எதில் வேலை செய்யப் போகிறீர்களோ, அதை அந்தப் பதிவுகளில் பழகிக்கொள்ளலாம்.

ஒரே ஒருவரின் வரிகளைப் படியுங்கள்

தரவு கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது, மொத்தம் எத்தனை வரி என்று எண்ணுவது. அதற்கு முன் ஒரே ஒருவரை எடுத்து, அவருடைய வரிகளைத் தேதி வாரியாக அடுக்கி, மெதுவாகப் படியுங்கள். நான் ஒரு மாதிரியைக் காட்டுகிறேன். கற்பனைதான், ஆனால் இப்படிப்பட்டவை தினமும் கண்ணில் படும்.

வயது 52, பெண். மார்ச் 4: வெளிநோயாளி வருகை, குறியீடு இ11, அதாவது 2-ஆம் வகைச் சர்க்கரை நோய். அதே நாள் ஹெச்பிஏ1சி (சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும்) பரிசோதனைக்கு ஆர்டர். மார்ச் 6: முடிவு 5.8 சதவீதம். அதன் பிறகு ஏழு மாதம் ஒரு வரியும் இல்லை. அக்டோபர் 11: மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், 30 மாத்திரை. மறுபடி வாங்கிய பதிவு இல்லை. டிசம்பர் 19: குறியீடு ஐ10, உயர் ரத்த அழுத்தம்.

இவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா? குறியீடு இருக்கிறது என்கிறது. பரிசோதனை இல்லை என்கிறது, ஏனென்றால் எல்லை 6.5. மாத்திரை மறுபடியும் இருக்கிறது என்பதுபோல் காட்டுகிறது. ஆனால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையிலும், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கும் மெட்ஃபார்மின் கொடுப்பார்கள். ஏழு மாதம் அவர் நலமாக இருந்தாரா, வேறு மருத்துவமனைக்குப் போனாரா, கையில் காசில்லாமல் வீட்டிலேயே இருந்தாரா என்பது எந்த வரியிலும் இல்லை.

இப்படி முப்பது பேரைப் படித்துவிடுங்கள். இரண்டு நாள் ஆகும். பின்னால் எழுதப் போகும் ஒவ்வொரு விதியும் அந்த இரண்டு நாளில்தான் மனதில் உருவாகும்.

யாரை நோயாளி என்று எண்ணுவது

ஆய்வின் முதுகெலும்பு இந்தப் படிதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

என் ஆரம்பக் கால ஆய்வு ஒன்றில், இ11 குறியீடு ஒருமுறை வந்தாலே சர்க்கரை நோயாளி என்று எண்ணிவிட்டேன். வந்த எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு அதிகம். பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாகவே சில நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பதிவுகளை உள்ளிடும் ஊழியர் ஒருவரிடம் கேட்டபோது அவர் சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் கோடு போடலைன்னா டெஸ்ட் ஆர்டரே போகாதுங்க. லிஸ்ட்ல முதல்ல வர்றதும் அதுதான்." நோய் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் கணக்கில் நோயாளிகளாகிவிட்டிருந்தார்கள். ஆறு வாரத்து வேலையைத் திரும்பச் செய்தேன். அந்த ஊழியரிடம் முதல் நாளே பேசியிருக்க வேண்டும். அன்றிலிருந்து எந்தத் தரவைத் தொட்டாலும், அதை உள்ளிடுபவரோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிடுகிறேன்.

சரி, நல்ல விதி எப்படி இருக்கும்? சர்க்கரை நோய்க்குப் பலரும் கையாளும் வடிவம் ஏறக்குறைய இது: உள்நோயாளியாக இருந்தபோது ஒருமுறை குறியீடு; அல்லது இரண்டு ஆண்டுக்குள், குறைந்தது 30 நாள் இடைவெளியில், வெளிநோயாளியாக இரண்டு முறை குறியீடு; அல்லது ஹெச்பிஏ1சி 6.5-ம் அதற்கு மேலும். அல்லது மெட்ஃபார்மின் தவிர்த்த வேறு சர்க்கரை மருந்து. கர்ப்பக் காலத்துச் சர்க்கரையை விலக்க வேண்டும். நாட்பட்ட சிறுநீரக நோயென்றால் காலம் இன்னும் முக்கியம். ஈஜிஎஃப்ஆர், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம், 60-க்குக் கீழே மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். ஒரு வயிற்றுப்போக்கில் நீர் வற்றி ஒரு நாள் 50-க்கு இறங்கியவர் நாட்பட்ட நோயாளி ஆகமாட்டார்.

மருத்துவ உலகின் வரையறையே மாறலாம் என்பதையும் கவனியுங்கள். 2017-இல் அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் உயர் ரத்த அழுத்தத்தின் எல்லையை 140/90-இலிருந்து 130/80-க்கு இறக்கின. அந்நாட்டு வயது வந்தவர்களில் நோயாளிகளின் பங்கு சுமார் 32 சதவீதத்திலிருந்து சுமார் 46 சதவீதமானது. ஒருவரின் ரத்தக் குழாயும் ஒரே இரவில் மாறிவிடவில்லை. குறியீட்டு முறைகளும் அப்படித்தான். அமெரிக்க மருத்துவமனைகள் 2015 அக்டோபர் 1 அன்று ஐசிடி என்ற நோய்க்குறியீட்டுப் பட்டியலின் 9-ஆம் பதிப்பிலிருந்து 10-ஆம் பதிப்புக்கு மாறின. அந்தத் தேதியைத் தாண்டிப் போகும் எந்த வரைபடத்திலும் ஒரு கோடு கிழித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

விதியை எழுதியதும் சோதியுங்கள். விதி 'ஆம்' என்ற நூறு பேரையும் 'இல்லை' என்ற நூறு பேரையும் குலுக்கல் முறையில் எடுத்து, இரண்டு மருத்துவர்களைத் தனித்தனியே முழுக் கோப்பையும் படிக்கச் சொல்லுங்கள். 'இல்லை' பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால், தவறவிட்டவர்கள் எத்தனை பேர் என்பது கடைசிவரை தெரியாது.

ஏன் இவ்வளவு பாடு என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் விதி உண்மையான நோயாளிகளில் 80 சதவீதத்தைப் பிடிக்கிறது, நோயில்லாதவர்களில் 98 சதவீதத்தைச் சரியாக ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல விதிபோலத்தான் தெரிகிறது. 10,000 பேரில் 1,000 பேருக்கு நோய் இருந்தால் 800 பேரைப் பிடிக்கும். மீதி 9,000 பேரில் 180 பேரைத் தவறாகச் சேர்க்கும். மொத்தம் 980. அசலான 1,000-க்கு நெருங்கி வந்துவிட்டது. ஆனால் இரண்டு பக்கத் தவறும் ஒன்றையொன்று சமன் செய்ததால் வந்த நெருக்கம் அது. இதே விதியை 100 பேருக்கு மட்டும் நோயுள்ள இளைஞர் கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். 80 பேரைப் பிடிக்கும், 9,900-இல் 198 பேரைத் தவறாகச் சேர்க்கும். மொத்தம் 278. உண்மையைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு!

இதைத் திருத்த 1978-இல் ரோகன், கிளாடன் இருவரும் தந்த எளிய சூத்திரம் இருக்கிறது. கண்ட பரவலோடு 0.98-ஐக் கூட்டி ஒன்றைக் கழியுங்கள். வந்ததை, 0.80-ம் 0.98-ம் கூட்டி ஒன்றைக் கழித்த 0.78-ஆல் வகுங்கள். 0.0278 என்பது 0.0078 ஆகி, வகுத்ததும் 0.01 ஆகும். நூறு பேர் திரும்பக் கிடைத்துவிட்டார்கள். சோதனை செய்து அந்த இரண்டு எண்களை வாங்கியிருந்தால்தான் இது முடியும்.

பகுதியில் யார் இருக்கிறார்கள்

பின்னத்தில் மேலே நிற்கும் தொகுதிக்கு, அதாவது நோயாளிகளின் எண்ணிக்கைக்கு, கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூடக் கீழே நிற்கும் பகுதிக்கு, அதாவது மொத்த ஆட்களின் எண்ணிக்கைக்கு, யாரும் கொடுப்பதில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களையே பகுதியாக வைத்தால், 'வந்தவர்களில் இத்தனை பேர்' என்று மட்டும்தான் சொல்ல முடியும். ஊரின் பரவல் அதில் வராது. காப்பீட்டுத் தரவு வசதியானது. யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்பது தெரியும். மார்ச் 1-இல் சேர்ந்து நவம்பர் 30-இல் விலகியவர் முக்கால் ஆண்டு மட்டுமே உங்கள் கண்ணில் இருந்தார். அவரை முழு ஆளாக எண்ணாமல் 0.75 ஆள்-ஆண்டாக எண்ணுங்கள்.

புதுநிகழ்வை எண்ணும்போது ஒரு பொறி உண்டு. பத்து ஆண்டாகச் சர்க்கரை நோயோடு இருப்பவர் இந்த ஜனவரியில் காப்பீட்டில் சேர்ந்தால், பிப்ரவரியில் வரும் அவருடைய முதல் குறியீடு புது நோய்போலத் தெரியும். அதனால் ஒருவரைப் புது நோயாளி என்று சொல்லும் முன், அதற்கு முந்தைய ஓராண்டு, முடிந்தால் இரண்டு மூன்று ஆண்டு, அவர் தரவில் இருந்தும் அந்தக் குறியீடு வராமல் இருந்திருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். வரைபடத்தில் முதல் ஆண்டு உச்சத்தில் நின்று அடுத்தடுத்த ஆண்டுகளில் சரிந்து வந்தால், நோய் குறைகிறது என்று மகிழ வேண்டாம். அது பெரும்பாலும் இந்தப் பொறிதான்.

சுத்தம் செய்தல்

அலகுகளைப் பாருங்கள். ரத்தச் சர்க்கரை 7.0 என்பதும் 126 என்பதும் ஒரே அளவு. முன்னது மில்லிமோல் கணக்கு, பின்னது மில்லிகிராம் கணக்கு. கிரியாட்டினின் 80 என்று இருந்தால் பதறாதீர்கள். 88.4-ஆல் வகுத்தால் 0.9 வரும். ஹெச்பிஏ1சி 48 என்பது 6.5 சதவீதம்தான். 999-ம் 0-ம் 'அளவு இல்லை' என்பதற்காகப் போட்டவையாக இருக்கலாம். ஜனவரி 1 அன்று ஏகப்பட்ட பேர் பிறந்திருந்தால், தேதி தெரியாதபோது கணினி தானாகப் போட்டது. ரத்த அழுத்த அளவுகளில் கடைசி இலக்கம் பாதிக்குப் பாதி பூஜ்யமாக வந்தால், அளந்தவர்கள் முழு எண்ணாக்கி எழுதியிருக்கிறார்கள். 140 என்ற எல்லையில் அது உங்கள் எண்ணிக்கையை அசைக்கும்.

விடுபட்ட அளவுகளைச் சராசரியால் நிரப்புவதை மட்டும் செய்யாதீர்கள். ஹெச்பிஏ1சி யாருக்கு எடுப்பார்கள்? மருத்துவருக்குச் சந்தேகம் வந்தவர்களுக்கு. எடுத்தவர்களின் சராசரி எடுக்காதவர்களுக்குப் பொருந்தாது. பாஸ்டனில் இரண்டு மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. 272 வகைப் பரிசோதனைகளில் 233-இல், முடிவு என்ன என்பதைப் பார்க்காமலே, 'பரிசோதனைக்கு ஆர்டர் போனது' என்ற ஒன்றே நோயாளி பிழைத்திருப்பதோடு தொடர்பு காட்டியது. விடியற்காலையில் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதப்பட்டது என்றால் யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கவலையும் தரவுதான்.

ஒப்பிடும் முன் வயதைச் சமன் செய்யுங்கள்

50 வயதுக்குக் கீழே 4 சதவீதம், மேலே 20 சதவீதம் என்று இரண்டு ஊர்களிலும் ஒரே அளவு நோய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊரில் 80 சதவீதம் பேர் இளையவர்கள், மொத்தப் பரவல் 7.2 சதவீதம் வரும். இரண்டாவது ஊரில் பாதிக்குப் பாதி, 12 சதவீதம் வரும். வயதைச் சமன் செய்யாமல் வெளியிட்டால் இரண்டாவது ஊருக்கு வீண் பழி. ஒரு பொதுவான வயது அமைப்பை எடுத்து இரண்டுக்கும் அதே எடைகளைப் போடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிலையான மக்கள்தொகை அமைப்பு இதற்கென்றே இருக்கிறது. சமன் செய்யாத எண்ணையும் கூடவே கொடுங்கள். எத்தனை படுக்கை, எத்தனை செவிலியர் வேண்டும் என்று திட்டமிடுபவருக்கு அந்த எண்தான் வேண்டும்.

எண்ணிக்கையிலிருந்து சுமைக்கு

1990-களின் தொடக்கத்தில் உலக வங்கி கேட்டுக்கொண்டதன் பேரில் கிறிஸ்டோபர் மர்ரேயும் ஆலன் லோப்பஸும் உலக நோய்ச்சுமை ஆய்வைத் தொடங்கினார்கள். 1993-இல் உலக வங்கியின் அறிக்கையோடு 'டேலி' என்ற அளவு உலகுக்கு அறிமுகமானது. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும் குறையோடு வாழ்ந்த ஆண்டுகளையும் கூட்டினால் டேலி கிடைக்கும்.

குறையோடு வாழ்ந்த ஆண்டுகளைக் கணக்கிட ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எடை உண்டு. 0 என்றால் முழு நலம், 1 என்றால் மரணத்துக்குச் சமம். அந்த ஆய்வின் எடைகளில் சிக்கல் ஏதும் இல்லாத சர்க்கரை நோய்க்கு 0.049, சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்புக்கு 0.133, டயாலிசிஸில் இருப்பவருக்கு 0.571, சிறுநீரக மாற்று செய்துகொண்டவருக்கு 0.024. சிக்கல் இல்லாத 1,000 பேர் ஓராண்டில் சுமப்பது 49 ஆண்டு. டயாலிசிஸில் இருக்கும் 100 பேர் சுமப்பது 57 ஆண்டுக்கும் மேல். இதை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தலை எண்ணிக்கையில் ஓரத்தில் கிடந்த ஒரு சிறு வரிசை, சுமைக் கணக்கில் நடுவில் வந்து நின்றது. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் அந்த 57 ஆண்டு இரண்டரையாகச் சுருங்கும் என்பதையும் அதே அட்டவணை சொன்னது.

ஒருவருக்குப் பல நோய் இருந்தால் எடைகளை நேரடியாகக் கூட்டாதீர்கள், கூட்டிக்கொண்டே போனால் 1-ஐத் தாண்டிவிடும். மிச்சமிருக்கும் நலத்தைப் பெருக்குங்கள். மேலே சொன்ன 0.049, 0.133 இரண்டையும் ஒன்றிலிருந்து கழித்தால் 0.951, 0.867 மிஞ்சும்; முன்னதைப் பின்னதால் பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால் 0.175. இறப்புப் பக்கத்தில் வேறு கவனம் வேண்டும். சர்க்கரை நோயோடு வாழ்ந்தவரின் சான்றிதழில் 'மாரடைப்பு' அல்லது வெறுமனே 'இதயம் நின்றது' என்று இருக்கும். 'இதயம் நின்றது' என்பது ஒரு காரணமே ஆகாது, அந்த இறப்புகளை உண்மையான காரணங்களுக்குப் பகிர்ந்து ஒதுக்க வேண்டும்.

வரியே இல்லாதவர்கள்

நான் தூக்கம் கெட்டு யோசிப்பது இவர்களைப் பற்றித்தான். மருத்துவரிடம் போகாதவருக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாதவர் உங்கள் கணக்கில் நலமாக இருக்கிறார். 2020-இல் பெருந்தொற்றின்போது பல நாடுகளில் புதிய சர்க்கரை நோய்க் கண்டறிதல்கள் சடாரென்று விழுந்தன. நோய் எங்கும் போய்விடவில்லை, மக்கள்தான் வரவில்லை. எதிர்த் திசையிலும் நடக்கும். பிரிட்டனில் 2004 முதல் நாட்பட்ட நோயாளிகளின் பட்டியலைப் பராமரித்தால் குடும்ப மருத்துவர்களுக்குக் கூடுதல் பணம் தரத் தொடங்கினார்கள். அதன் பிறகு பதிவில் ஏறியவற்றில் எவ்வளவு நோய், எவ்வளவு கவனம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

செலவை நோயின் அளவாக எடுத்துக்கொள்பவர்கள் 2019-இல் சயின்ஸ் இதழில் ஸியாத் ஓபர்மேயர் குழு வெளியிட்ட ஆய்வைப் பார்க்க வேண்டும். கூடுதல் கவனிப்பு யாருக்கு வேண்டும் என்று அமெரிக்காவில் தீர்மானித்த ஒரு கணிப்பு முறை, தேவைக்குப் பதிலாகச் செலவைக் கணித்தது. கறுப்பின மக்களுக்கு அதே நோய்க்குச் செலவழிக்கப்பட்டது குறைவு. ஆகவே அவர்கள் நலமானவர்களாகத் தெரிந்தார்கள். இந்தப் பிழையைத் திருத்தினால் கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகும் கறுப்பின நோயாளிகளின் பங்கு 17.7-இலிருந்து 46.5 சதவீதமாகும் என்று காட்டினார்கள்.

என்ன செய்யலாம்? மக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து ரத்தம் எடுத்துப் பார்க்கும் கணக்கெடுப்பு ஏதாவது இருந்தால், உங்கள் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்காவின் என்ஹேன்ஸ் போன்ற கணக்கெடுப்புகள் தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர்களையும் கண்டுபிடிக்கின்றன. வயதுவாரியாக, பாலினவாரியாக ஒப்பிடுங்கள். எந்தக் கட்டத்தில் உங்கள் எண் பாதியாக இருக்கிறதோ, அங்கேதான் வரியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை அடிக்குறிப்பில் ஒதுக்காமல், தனி அட்டவணையாகக் கொடுங்கள்.

எழுதும்போது

விதியைச் சற்று இறுக்கியும் தளர்த்தியும், பின்னோக்கிப் பார்க்கும் காலத்தை ஓராண்டு, மூன்றாண்டு என்று மாற்றியும் கணக்கை மறுபடி ஓட்டுங்கள். கிடைக்கும் எல்லா விடைகளையும் வெளியிடுங்கள். குறியீட்டுப் பட்டியலை முழுமையாக, தேதியோடு இணையுங்கள். தொடக்கத்தில் எத்தனை பேர், ஒவ்வொரு விதிக்கும் எத்தனை பேர் விலகினார்கள் என்று ஒரு படம் போடுங்கள். இதற்கென்று 2015-இல் வந்த 'ரெக்கார்ட்' என்ற சரிபார்ப்புப் பட்டியலை மேசையில் வைத்துக்கொண்டு எழுதினால் பெரும்பாலும் எதுவும் விட்டுப்போகாது.

கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. முடிவுகளைப் பதிவு செய்யும் ஊழியர்களிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் வருபவர்களுக்கு இசட்13.1 என்று தனிக் குறியீடே இருக்கிறது, அதை ஆர்டர் திரையின் பட்டியலில் இ11-க்கு மேலே வைக்கலாமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அது எந்தத் தேதியில் மாறியது என்பதை உங்கள் கோப்பில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை திடீரென்று குறையும். அடுத்து இந்தத் தரவைத் திறப்பவருக்கு ஏன் என்று தெரிய வேண்டும்.